ஈரமூட்டை

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் பஸ்ஸின் கூரையில் எப்போதும் ஈரமூட்டைகள் இருக்கும். கணவாயைத் தாண்டி இறங்கி எங்கள் கடைத்தெருவில் வந்து நிற்கும்போது பஸ்ஸின் நாலு பக்கமும் சொட்டிக்கொண்டிருக்கும். எங்கள் ஊரில் ஒழுங்காக மழை பெய்கிற ஒரே இடம் பஸ் நிறுத்தம்தான் என்று டீக்கடைக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். நாங்கள் சிரிப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். மழைக்காலத்தில் மேகம் அந்தப் பக்கத்துச் சரிவில் ஏறி வந்து முகட்டில் உட்கார்ந்துகொள்ளும். அங்கேயே கொட்டித் தீர்க்கும். இந்தப் பக்கம் ஒரு எட்டு எடுத்து வைக்காது. எங்களுக்கு வருவதெல்லாம் மழையை இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு ஓடிவரும் காற்று மட்டும். அது மாதக்கணக்கில் அடிக்கும். கதவைத் தட்டும், தகரத்தைத் தட்டும், பேசிக்கொண்டிருப்பவன் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு போகும். அந்தக் காற்றுக்காலத்தில் எங்கள் ஊரில் யாருக்கும் மனசு ஒரு இடத்தில் நிற்காது. புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள் அப்போதுதான் அதிகம். அங்கே சட்டைக் காலரில் பூஞ்சை பூக்கும், இங்கே உதடு வெடிக்கும். ஆகவே அவர்கள் துணி மலையேறி எங்களிடம் வந்து, துவைபட்டு, எங்கள் காற்றில் உலர்ந்து, மடிப்போடு திரும்பிப் போகும். முன்னே உப்பு மூட்டை போன பாதை, பிறகு பட்டாளம் போன பாதை, இப்போது அழுக்குத்துணி போகிற பாதை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் எங்கள் மலைத்தொடர் பற்றி ஒரு பாடம் உண்டு. நீளம், உயரம், மழையளவு எல்லாம் இருக்கும். இந்தத் துணி சமாசாரம் அதில் இல்லை.

மழையே இல்லாத ஊரில் துவைக்கத் தண்ணீர் ஏது என்று கேட்பீர்கள். மலையடியில் ஒரு ஊற்று இருக்கிறது. வெயில் காலத்தில் மெலிந்து கிடக்கும். அந்தப் பக்கம் மழை பிடித்துக் கொஞ்ச நாளானால், இங்கே ஒரு துளி விழாமலேயே, வாய் கொள்ளாமல் கொட்டும். மலைக்கு வியர்க்கிறது என்று சொல்லி விட்டுவிட்டோம். சாலை போட வந்த இன்ஜினியர் ஒருவர், இந்த மலை ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது, சுண்ணாம்புப் பாறை, தண்ணீர் அரித்து அரித்து உள்ளே பொந்து பொந்தாக இருக்கும் என்று விளக்கினார். துவைக்கிற கல்லிலேயே நத்தை ஓட்டின் சுருளைக் காட்டினார். பார்த்தோம், ஆமாம் என்றோம், அந்தச் சுருளின் மேலேயே துணியை அடித்துத் துவைத்தோம்.

ஊற்றுக்குப் பக்கத்தில் இருப்பது சின்னவளின் லாண்டரி. அக்காள் தங்கை இரண்டு பேரில் இளையவள் என்பதால் சின்னவள். இங்கே பிறந்து இங்கேயே வாழ்க்கைப்பட்டவள். பெரியவளை மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். சின்னவளின் புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் இஸ்திரி. ஆள் நிற்பது, நடப்பது, பேசுவது எல்லாம் மடிப்புக் கலையாமல் இருக்கும். ஊறவைப்பது, அலசுவது, நீலம் போடுவது, கொடியில் ஏற்றுவது அவள் பாடு. கஞ்சியும் பெட்டியும் அவன் பாடு. அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள் முழுக்க இவர்களிடம்தான் வரும். அதில்தான் வீடு ஓடியது.

அந்த வருஷம் மழைக்காலம் நன்றாகவே பிடித்தது. முகட்டில் மேகம் கறுப்புச் சுவராக நின்றது. பஸ் தொப்பலாக வந்தது. ஊற்று மட்டும் ஏறவில்லை. ஏறாதது போக, இறங்கியது.

சின்னவள் முதலில் யாரிடமும் சொல்லவில்லை. அலசுகிற தொட்டியைச் சுரண்டிக் கழுவினாள், வாய்க்காலில் அடைப்பு இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்த்தாள். பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"என்னங்க, தொட்டி பாதிகூட நிரம்பலை."

இஸ்திரி பெட்டியை நிறுத்தாமல் சொன்னான். "நிரம்பும். காத்துக்காலம் இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு."

"அந்தப் பக்கம் மழை ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சு. பஸ்ஸைப் பார்த்தீங்களா இல்லையா?"

"பார்த்தேன்."

"பின்னே?"

"பின்னேன்னா? நான் என்ன மலைக்குள்ள போயா பார்க்க முடியும்?"

"ஒரே தண்ணியில ரெண்டு தடவை அலசுறேன். சோடா வாடை போக மாட்டேங்குது. நோயாளிங்க படுக்குற விரிப்பு. அந்த மேட்ரன் அம்மா மோந்து பார்த்துட்டுத்தான் வாங்குவாங்க. ஒரு தடவை திருப்பி அனுப்பினாங்கன்னா அவ்வளவுதான்."

இஸ்திரி பெட்டியை நிமிர்த்தி வைத்தான். அவன் எதையோ ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு, சொல்ல ஆள் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சமவெளியில அண்ணன் மெஷின் வச்சிருக்கான். குழாய்த் தண்ணி. கூட வந்து நில்லுன்னு ரொம்ப நாளாக் கூப்பிடுறான்."

"அங்க காத்து இருக்கா?"

"மெஷினே காய வச்சுடும்."

"அப்ப நான் எதுக்கு?"

அவன் பெட்டியை மறுபடி கையில் எடுத்தான். ஆஸ்பத்திரிக்கு இந்த மாதக் கடைசியில் சொல்லிவிடலாம் என்றான். அவள் வெளியே போய்க் கொடியில் காய்ந்துகொண்டிருந்த விரிப்புகளைத் தேவையில்லாமல் ஒருமுறை திருப்பிப் போட்டாள். காற்று அவற்றை மறுபடி பழையபடியே ஆக்கியது. இந்தக் கொடிகளை விட்டுவிட்டுப் போவதா என்று நினைத்தாள். அவள் வாழ்நாள் முழுக்கச் செய்தது இந்தக் காற்றோடு மல்லுக்கட்டியதுதான். ஆனாலும் அது அவளுடைய காற்று.

அடுத்த நாள் அவள் அந்தப் பக்கத்துக்குப் பஸ் ஏறினாள். அக்காளைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். உண்மையில் மழையைப் பார்க்கப் போனாள். அங்கே நிஜமாகவே பெய்கிறதா, இல்லை பஸ்ஸை யாராவது தண்ணீர் ஊற்றி அனுப்புகிறார்களா என்று கண்ணால் பார்த்துவிடவேண்டும் போல் இருந்தது. கையில் ஒரு கேன் சொட்டு நீலம். லாண்டரிக்கு வாங்குகிற பெரிய கேன். அக்காள் வீட்டு வெள்ளைத் துணியெல்லாம் மஞ்சளாகிக் கிடக்கும், பாவம்.

எங்கள் பக்கத்துச் சரிவில் முள்ளும் கல்லும்தான். வளைவுக்கு வளைவு காற்று பஸ்ஸை ஒரு தள்ளுத் தள்ளும். கணவாயில் இரண்டு பாறைகளுக்கு நடுவே நுழையும்போது ஜன்னலில் வெயில் இருக்கும். வெளியே வரும்போது ஜன்னலே இருக்காது, பஞ்சு அடைத்தமாதிரி மூட்டம். கண்டக்டர் எழுந்து, "ஸ்வெட்டர் போடுறவங்க போட்டுக்கங்க" என்பார். அப்புறம் பச்சை. கண்ணை உறுத்துகிற பச்சை. சாலையோரம் முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கோபம் வந்தது.

பெரியவள் வீட்டு வாசலில் தங்கையைக் கண்டதும் கரண்டியோடு ஓடி வந்தாள். வீட்டுக்குள் அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி உள்பாவாடை, காலுறை, தலையணை உறை என்று தொங்கின. எல்லாவற்றிலும் புகை வாடை. உட்காரச் சொன்ன நாற்காலியில் மெத்தை ஈரமாக இருந்தது.

"இதைத்தான் அடுத்த மூட்டையில உனக்குப் போட்டுவிடலாம்னு இருந்தேன்" என்றாள் பெரியவள். "நீயே வந்துட்ட. என்னடி, இளைச்சுட்ட."

"காத்து."

"காத்தாவது அடிக்குது உனக்கு. எனக்கு முதுகுல பாசி பிடிக்காததுதான் பாக்கி. இரு, சூப்பு ஊத்துறேன். மீன் போட்டது."

"மீன் ஏது?"

பெரியவளின் முகம் மலர்ந்தது. தங்கையின் கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனாள். மழைத்தூறலில் இருவரும் நின்றார்கள். எதிரே பெரிய குளம் ஒன்று மலைச்சரிவின் அடிவரை பரந்து கிடந்தது. வாத்துகள் மிதந்தன.

"போன வருஷம் இது இல்லையே" என்றாள் சின்னவள்.

"இங்கதானேடி விழுங்கி இருந்துச்சு."

விழுங்கி சின்னவளுக்குத் தெரியும். மேட்டிலிருந்து வரும் ஓடை அக்காள் வீட்டுப் புல்வெளியைத் தாண்டி, மலையடியில் ஒரு குழிக்குள் விழுந்து காணாமல் போகும். அந்தக் குழிக்குத்தான் விழுங்கி என்று பெயர். எத்தனை மழை பெய்தாலும் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டே இருக்கும். போன வருஷம் அதில் ஒரு கன்றுக்குட்டி வழுக்கி விழுந்து போய்விட்டது.

"கன்னுக்குட்டி போனப்புறம் கல்லு, மண்ணு, சாக்கு எல்லாம் போட்டு அடைச்சாச்சு. கோடை மழையிலயே குளமாயிடுச்சு. மீன் விட்டேன். ஆஸ்பத்திரிச் சமையலுக்கு நான்தான் இப்ப மீன் குடுக்குறேன். நானே வளர்த்து நானே குடுக்குறேன்டி. இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து என்னோடதுன்னு சொல்ல எனக்கு இதுதான் முதல் தடவை."

சின்னவள் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நிமிர்ந்து மலையைப் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அது வேறு மலை. ஆனால் இதற்கு நேர் பின்னால், மறுபக்கத்து அடிவாரத்தில், தன் தொட்டி பாதி காலியாகக் கிடப்பது அவளுக்குத் தெரிந்தது. துவைக்கிற கல்லில் இன்ஜினியர் விரல் வைத்துக் காட்டிய சுருள் நினைவுக்கு வந்தது. பொந்து பொந்தாக.

"அக்கா, இது என் தண்ணி" என்றாள்.

பெரியவளுக்குப் புரியவில்லை. மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்த பெரியவளின் புருஷனுக்குப் புரிந்தது. நல்ல மனிதர். கோபம் வந்தால் கத்தமாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். அது கத்துவதைவிட மோசம் என்பாள் பெரியவள்.

"உன் தண்ணி உங்க மலையிலேருந்து வருதும்மா" என்றார் நிதானமாக. "இது எங்க ஓடை. நடுவுல அவ்வளவு பெரிய மலை இருக்கு."

"மலைக்கு உள்ள வழி இருக்கு அத்தான். இல்லேன்னா எங்க ஊர்ல மழையே இல்லாம ஊத்து எப்படி ஏறுது? நீங்க அடைச்சப்புறம்தான் நின்னுபோச்சு."

"எதேச்சையா நடந்திருக்கும்."

"ஒரே ஒரு நாள் திறந்துவிடுங்க. இந்தச் சொட்டு நீலத்தைக் கரைச்சு ஊத்துங்க. எங்க ஊத்துல நீலம் வந்தா இது என் தண்ணி. வரலேன்னா நானே வந்து என் கையால கல்லைப் போட்டு மூடிட்டுப் போறேன்."

"ஒரு நாள் திறந்தா போதும், குளம் முழுக்க இறங்கிடும். உங்க அக்கா மீன் என்னாகும்? அவ கையைப் பாரு, வலை இழுத்து இழுத்துக் காய்ச்சுப்போயிருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு மெல்லச் சொன்னார். "அதோட, அடைக்கச் சொன்னது நான் இல்லம்மா. உன் வீட்டுக்காரர்தான். கன்னு போன சமயம் பார்க்க வந்தாரே, 'எதுக்கு சகலை இந்தப் பள்ளத்தைத் திறந்து போட்டிருக்கீங்க'ன்னு கேட்டு, சட்டையைக் கழட்டி மரத்துல மாட்டிட்டு, முதல் கல்லை அவர்தான் உருட்டினாரு. அழகா அடுக்கினாரு. ஒரு சொட்டு ஒழுகாது."

சின்னவள் அக்காளைப் பார்த்தாள். பெரியவள் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"என்னடி சொல்லச் சொல்ற. உனக்கு வெயில் இருக்கு. காத்து இருக்கு. உலர்ந்த துணி போட்டுக்கிட்டு உலர்ந்த படுக்கையில படுக்குற. எனக்கு இருக்குறது இது ஒண்ணு."

சூப்பு ஆறிப்போனது. சின்னவள் நீலக் கேனை அடுப்படியில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறினாள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "கல்லை அடுக்கினது நீங்களா?"

இஸ்திரி பெட்டியை ஒரு விரிப்பின் மேல் வைத்திருந்தான். வைத்தபடியே நின்றான். கருகல் வாடை வந்த பிறகுதான் எடுத்தான். ஆஸ்பத்திரி விரிப்பில் பெட்டியின் அச்சு பழுப்பாக விழுந்திருந்தது. அவன் கையால் ஒரு துணி தீய்ந்ததை எங்கள் ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"கன்னுக்குட்டி செத்துப்போச்சேன்னு..." என்றான்.

"அழகா அடுக்கினீங்களாம். ஒரு சொட்டு ஒழுகாதாம்."

அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்துபோனது. இஸ்திரி அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினான். கொடிக்கம்பங்களைப் பிடுங்கலாமா வேண்டாமா என்று தினமும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான். சின்னவள் உட்கார மாட்டாள். ஊற்றுக்குப் போவாள், வருவாள், மறுபடி போவாள். ஒழுங்காகத் தூங்கினாளா என்றும் தெரியாது. டீக்கடைக்காரர் ஒருநாள், "நடந்து நடந்து நீயே ஒரு கணவாய் வெட்டிடுவே போல" என்றார். அவள் நின்று முறைத்த முறைப்பில் அவர் கண்ணாடி டம்ளரைத் துடைக்கப் போய்விட்டார்.

அந்த வாரம் பஸ்ஸில் பெரியவளின் மூட்டை வந்தது. கண்டக்டர் கூரையிலிருந்து தூக்கிப் போட்டார். வழக்கமான முடிச்சு, வழக்கமான புகை வாடை. சின்னவள் அதைத் தொடவில்லை.

"திருப்பி எடுத்துட்டுப் போங்க."

"ஈரமாவா?" கண்டக்டருக்கு நம்ப முடியவில்லை. எங்கள் மலையில் யாரும் யாருக்கும் அப்படிச் செய்தது கிடையாது. பகையாளியின் துணிகூட உலர்ந்துதான் திரும்பும். "உங்க அக்காவோடதும்மா. என்னன்னு சொல்லட்டும்?"

"தண்ணி இல்லேன்னு சொல்லுங்க."

மூட்டை மறுபடி கூரையேறியது. கடைத்தெருவில் நின்ற எல்லோரும் பார்த்தோம். சின்னவள் விறுவிறுவென்று நடந்து போனாள். வீட்டுக்குள் போய் அழுதாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். மழைக்காலம் முழுக்க அந்தப் பக்கத்து ஃபோன் செத்துக் கிடக்கும். ஆகவே மன்னிப்பு கேட்கவோ, இன்னும் கொஞ்சம் சண்டை போடவோ வழி இல்லை.

ஆஸ்பத்திரியின் கடைசிச் சுமை என்று நினைத்துத்தான் அந்த விரிப்புகளை அவள் தொட்டியில் போட்டாள். இருக்கிற தண்ணீர் அத்தனையையும் அதற்கே விட்டாள். நல்லபடியாக வெளுத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்ற ரோஷம். காலையில் வந்து பார்த்தவள் அப்படியே நின்றாள். தொட்டி விளிம்பு வரை தளும்பி வெளியே வழிந்துகொண்டிருந்தது. ஊற்று வாயிலிருந்து தண்ணீர் சத்தத்தோடு கொட்டியது. எல்லாம் நீலம். விரிப்பு, தலையணை உறை, டாக்டர் கோட்டு, ஒன்று பாக்கியில்லை.

"என்னங்க" என்று கூப்பிட்டாள்.  கையை முழங்கை வரை விட்டு விரிப்புகளை இழுத்து வெளியே போட்டாள். கையெல்லாம் நீலமாகியது. இஸ்திரி ஓடி வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரித் துணி அத்தனையும் போச்சே. மேட்ரன் அம்மாவுக்கு என்ன பதில் சொல்றது?"

"போகட்டும்" என்றாள் சின்னவள். அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். "தண்ணியைப் பாருங்க. அக்கா திறந்துவிட்டுட்டா."

அன்றைய பஸ்ஸில் பெரியவளே வந்தாள். அந்தக் கணவாய் ஏறினால் அவளுக்கு வாந்தி வரும். கல்யாணத்துக்குப் பிறகு விரல்விட்டு எண்ணுகிற தடவைதான் இந்தப் பக்கம் வந்திருக்கிறாள். வெளிறிப்போய் இறங்கினாள். ஒரு கையில் திருப்பி அனுப்பப்பட்ட அதே மூட்டை. இன்னொரு கையில் மூடிபோட்ட வாளி. இரண்டு கையும் முழங்கை வரை நீலம்.

கடைத்தெரு நடுவில் அக்காளும் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வந்துச்சா?" என்றாள் பெரியவள்.

"சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா? தொட்டி முழுக்க ஆஸ்பத்திரித் துணி."

"ஈரமூட்டையைத் திருப்பி அனுப்பினியே, அதுக்கு இது சரியாப் போச்சு." சொல்லிவிட்டு அவள் வாளியைக் கீழே வைத்தாள். "அந்த மூட்டை சொட்டச் சொட்ட வந்து வாசல்ல விழுந்தப்பத்தான்டி எனக்கு உறைச்சுது. நீ கோவத்துல அனுப்பலை, நிஜமாவே தண்ணி இல்லாமத்தான் அனுப்பியிருக்கன்னு. அவர் மேய்ச்சலுக்குப் போயிருந்தாரு. கடப்பாரையை எடுத்தேன். உன் வீட்டுக்காரர் அடுக்கின அடுக்கு இருக்கே, ஒவ்வொரு கல்லும் உயிரை வாங்கிடுச்சு."

இஸ்திரி தலையைக் குனிந்துகொண்டான்.

"மீனு?" என்றாள் சின்னவள்.

"பிடிக்க முடிஞ்சதைப் பிடிச்சேன். இதுல கொஞ்சம் இருக்கு. மிச்சம் உள்ள போயிடுச்சு."

"அத்தான்?"

"பேசலை. வந்து பார்த்தாரு, காலிக் குளத்தைப் பார்த்தாரு, உள்ள போயிட்டாரு. அப்புறம் ஒரு வார்த்தை இல்லை. சோறு வச்சாலும் வேணும் வேண்டாம்னு இல்லை. என்னால அந்த வீட்டுல இருக்க முடியலை. வந்துட்டேன்."

மூட்டையை அவளே அவிழ்த்து, அவளே கொடியில் போட்டாள். கிளிப் மாட்டத் தெரியவில்லை, ஒரு காலுறை பறந்து முள்வேலியில் சிக்கியது. டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாம் உலர்ந்துவிட்டது. தன் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு பெரியவள் வெயிலில் நின்றாள். "சூடா இருக்குடி" என்று சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். சின்னவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். 

அதற்கப்புறம் பெரியவள் பொழுதெல்லாம் ஊற்று வாயில் ஒரு வலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணி மலைக்கு மேலே வருகிறது, தண்ணீர் மலைக்கு அடியில் வருகிறது, மீன் மட்டும் வராதா என்றாள். பஸ் சத்தம் கேட்டால் எழுந்து கடைத்தெருவுக்குப் போவாள். புருஷன் இறங்காததைப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து வலையருகே உட்காருவாள். அவளுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மீன் வரவும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மேட்ரன் அம்மா திட்டி அனுப்பினார். ஆனால் கூடவே அடுத்த சுமையும் வந்தது. இஸ்திரி கொடிக்கம்பங்களை ஆட்டிப் பார்ப்பதை விட்டு, கல் வைத்து இறுக்கினான்.

ஒருநாள் கண்டக்டர் கூரையிலிருந்து ஒரு மூட்டையைத் தூக்கிப் பெரியவளின் காலடியில் போட்டார். "உங்க வீட்டுக்காரர் குடுத்தாரும்மா. என்ன சொல்லணும்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லலை."

முடிச்சு, ஆண்பிள்ளை போட்ட முடிச்சு. அவிழவே இல்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளே அவருடைய சட்டைகள், கால்சட்டை, ஒரு துண்டு. எல்லாம் சேறும் பாசியும். பிழியக்கூட இல்லை, தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

பெரியவள் ஒரு சட்டையை எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு தங்கையிடம் நீட்டினாள்.

"பேச ஆரம்பிச்சுட்டாரு" என்றாள். "நல்லா அலசுடி. அவரு தண்ணிதான்."